ஆட்டம் எங்கேயும் கிடைக்கும், பெரியப்பாவின் குரல் கிடைக்காது

பெரியப்பா இறந்த பிறகு அவருடைய அறையை ஒழுங்குசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவர் திருமணம் செய்துகொள்ளாதவர். தம்பி பிள்ளைகளில் விளையாட்டைப் பற்றி அவரோடு மணிக்கணக்கில் பேசியவள் நான் ஒருத்திதான் என்பதால், "அவர் சாமான்களை நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் வங்கி, ஓய்வூதியம், காப்பீடு என்று கிளம்பிவிட்டார்கள். அறையில் இருந்தவை பள்ளி நோட்டுகளில் கோடு போட்டுக் கையால் எழுதிய ஸ்கோர்கள், பசை போட்டு ஒட்டிய செய்தித்தாள் நறுக்குகள், வானொலி வர்ணனையைப் பதிவு செய்த ஆடியோ கேசட்டுகள், வீடியோ கேசட்டுகள், ஸ்போர்ட்ஸ்டார் இதழின் நடுப்பக்கப் படங்கள், மைதான டிக்கெட்டுகள், அவர் ஆட்டம் பார்க்கும்போது மட்டும் அணியும் சட்டைகள், அவருடைய கைப்பேசி. இவற்றுக்கு வெளியில் எந்த விலையும் கிடையாது. அதனாலேயே இவற்றை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லவும் யாரும் கிடையாது. இறந்தவரின் பொருட்கள் என்றால் நகையும் பத்திரமும் உயிலும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நான் பணமும் மாதங்களும் கொடுத்துத் தெரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதல் ஆபத்து அன்புள்ளவர்களிடமிருந்து வருகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பலர் அந்த அறைக்குள் ஒரு முறை எட்டிப்பார்த்தார்கள். ஒருவர் ஞாபகார்த்தமாக ஒரு சட்டையை எடுத்துக்கொண்டார். இன்னொருவர் தன் பையன் கிரிக்கெட் ஆடுகிறான் என்று கையெழுத்து போட்ட மட்டையைக் கேட்டார். மறுக்க யாருக்கு வாய் வரும்? இன்னும் ஒருவர் உதவி செய்கிறேன் என்று அலமாரியில் இருந்ததை எல்லாம் இறக்கித் தூசு தட்டி, அளவு வாரியாக அடுக்கிவைத்தார். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் பெரியப்பா ஒரு தொடருக்கான ஸ்கோர் நோட்டு, அதன் நறுக்குகள், அதன் கேசட் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருந்தார். கேசட்டுகளில் பலவற்றின் மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதே அவற்றுக்குப் பெயர். அந்த ஒழுங்கு ஒரு மதிய நேரத்தில் கலைந்தது. அதைத் திரும்பச் சேர்க்க எனக்கு மாதங்கள் ஆயின, சில கேசட்டுகள் எந்த ஆட்டம் என்று இன்றும் தெரியாது. ஆகவே முதல் நாளே அறையைப் பூட்டுங்கள். பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு அலமாரித் தட்டையும், மேசை இழுப்பறையையும் இருந்தபடியே கைப்பேசியில் படம் எடுங்கள். யாராவது கேட்டால் "சில மாதங்கள் போகட்டும், நானே கொண்டுவந்து தருகிறேன்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. உண்மையிலேயே ஆசைப்பட்டவர்கள் மட்டும் பிறகு நினைவாகக் கேட்பார்கள், அவர்களுக்குக் கொடுப்பதில் மகிழ்ச்சிதான்.

டிக்கெட் விஷயம் இன்னும் எரிச்சல் தருகிறது. பெரியப்பாவும் நானும் சேர்ந்து மைதானத்தில் பார்த்த கடைசி ஆட்டத்தின் டிக்கெட்டை அவர் பர்ஸில் வைத்திருந்தார். அதைப் பாதுகாக்கிறேன் என்று உறவினர் ஒருவர் லேமினேட் செய்து எடுத்துவந்தார். ஒரு கறுப்பு அட்டைதான் வந்தது. இப்போதைய டிக்கெட்டுகளும் ரசீதுகளும் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தாளில் வருகின்றன. அந்தத் தாளில் மை கிடையாது. சூடு பட்ட இடம் கறுக்கும், அவ்வளவுதான். லேமினேட் இயந்திரத்தின் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும். சும்மா வைத்தாலும் சில ஆண்டுகளில் எழுத்து மங்கி வெற்றுத்தாள் ஆகிவிடும். இப்படிப்பட்ட டிக்கெட் கிடைத்தால் அன்றைக்கே ஸ்கேன் செய்யுங்கள் அல்லது நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள், பிறகு இருட்டான, சூடில்லாத இடத்தில் வையுங்கள். பொதுவாகவே எந்தப் பழைய தாளையும் லேமினேட் செய்யக் கூடாது. செய்தால் திரும்பப் பிரிக்க வழியில்லை.

பெரிய இழப்பு கேசட்டுகளில் நடந்தது. பெரியப்பா வாலிபராக இருந்த காலத்தில் வீட்டில் தொலைக்காட்சி இல்லை. வானொலியின் தமிழ் வர்ணனைதான். வர்ணனையாளர் அப்துல் ஜப்பாரின் குரல் கேட்டால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு நோட்டோடு உட்கார்ந்துவிடுவார். டேப் ரிக்கார்டர் வாங்கிய பிறகு முக்கியமான ஆட்டங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார். வானொலியின் முன்னால் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்ததால் அறையில் கேட்டதெல்லாம் அதில் விழுந்திருக்கிறது. ஓவர் முடிந்தால் அவர் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்வது, கேட்ச் விட்டவனைத் திட்டுவது, பாட்டி சாப்பிடக் கூப்பிடுவது, "இந்த ஓவர் முடியட்டும் அம்மா" என்று அவர் கெஞ்சுவது எல்லாம்.

அந்த கேசட்டுகளைக் கணினிக் கோப்பாக மாற்றித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் கொடுத்தேன். என் மாதச் சம்பளத்தில் பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார். பல வாரம் அலைக்கழித்தபின் கோப்புகள் வந்தன. போட்டுக் கேட்டேன். வர்ணனை துல்லியமாக, இரைச்சலே இல்லாமல் இருந்தது. பெரியப்பாவைக் காணவில்லை. வர்ணனைக்கு நடுவே அவர் பேசிய இடங்களை எல்லாம் "இடைஞ்சல்" என்று வெட்டி, மிச்சத்தை இரைச்சல் நீக்கும் மென்பொருளில் போட்டு அலசியிருக்கிறார் அந்த மனிதர். கேட்டபோது, "தெளிவாக வேண்டும் என்றுதானே எல்லோரும் கேட்பார்கள்?" என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கலாம், எனக்கு அன்று கோபத்தில் கை நடுங்கியது. மூல கேசட்டுகளைத் திரும்பக் கேட்டால் ஒரு பகுதிதான் வந்தது. மீதி "அறுந்துபோனதால் குப்பையில் போட்டுவிட்டோம்". பணம் போனதை மறந்துவிட்டேன், அந்தப் "போட்டுவிட்டோம்" என்ற சொல்லை மறக்க முடியவில்லை.

இதை அனுபவித்த பிறகுதான் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதே எனக்குத் தெளிவானது. 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை யார் வேண்டுமானாலும் இன்று திரையில் பார்க்கலாம். இந்தியா 183, மேற்கிந்தியத் தீவுகள் 140, அது எங்கேயும் ஓடிப்போகாது. அந்த ஆட்டத்தைப் பற்றி அவர் ஓரத்தில் எழுதிய இரண்டு வரி இந்த உலகத்தில் ஒரே ஒரு நோட்டில்தான் இருக்கிறது. விளையாட்டுப் பிரியரின் பொருட்களைப் பிரிக்கும்போது இதையே அளவுகோலாக வையுங்கள். அச்சிட்ட படங்கள், வாங்கிய புத்தகங்கள், தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த ஆட்டங்கள் எல்லாம் காத்திருக்கலாம். அவருடைய கையெழுத்தும் குரலும் இருப்பவை முதலில் வர வேண்டும். நான் வீடியோ கேசட்டுகளைத்தான் மதிப்புள்ளவை என்று எல்லோரும் சொன்னதால் தனியாக எடுத்துவைத்தேன். அவற்றில் பெரும்பாலும் வேறெங்கும் கிடைக்கும் ஆட்டங்களே இருந்தன.

கேசட்டை வெளியில் கொடுக்க நேர்ந்தால் சொல்ல வேண்டியவற்றை எழுதிக் கொடுங்கள். எதையும் வெட்டக் கூடாது, இரைச்சல் நீக்கக் கூடாது, முதலிலிருந்து கடைசி வரை இரண்டு பக்கமும் அப்படியே வர வேண்டும். கோப்பு சுருக்கப்படாத வேவ் வடிவில் இருக்கட்டும், எம்பி3 வேண்டுமானால் பிறகு நாமே அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அறுந்தாலும் பூஞ்சை பிடித்திருந்தாலும் மூல நாடா நம்மிடமே திரும்ப வர வேண்டும். அறுந்த நாடாவை ஒட்ட முடியும். உறை உடைந்தால் நாடாவை வேறு உறைக்கு மாற்ற முடியும். முதலில் முக்கியமில்லாத ஒன்றே ஒன்றைக் கொடுத்து வாங்கிப் பாருங்கள், முழுப் பெட்டியையும் கொடுக்காதீர்கள். கொடுப்பதற்கு முன் ஆடியோ கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். உடைத்தால் தவறுதலாக அதன்மேல் வேறொன்றைப் பதிவு செய்ய முடியாது. வீடியோ கேசட்டின் முதுகுப் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைத் தூள் போலத் தெரிந்தால் அது பூஞ்சை. அதை எந்த இயந்திரத்திலும் போடாதீர்கள். அந்த நாடாவும் கெடும், இயந்திரத்தின் தலைப்பகுதியில் ஒட்டிக்கொண்டு அடுத்து போடும் நாடாவுக்கும் பரவும். தனியாகப் பையில் போட்டு, ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். ரொம்ப காலம் தள்ளிப்போடவும் வேண்டாம். வீடியோ கேசட்டை ஓட்டும் விசிஆர் இயந்திரத்தைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-ல் அதை நிறுத்திவிட்டது. ஓடும் இயந்திரங்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகின்றன.

நறுக்குகளைப் பற்றிச் சொன்னால் எனக்குப் பிடித்த ஒன்று 1983 ஜூன் 18 ஆட்டத்தினுடையது. டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தில் ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலையில் கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 ரன் எடுத்த நாள். அந்த ஆட்டத்துக்குத் தொலைக்காட்சிப் பதிவே கிடையாது. "படம் இல்லாவிட்டால் என்ன, ஸ்கோர் இருக்கிறதே" என்று பெரியப்பா சொல்லுவார். நறுக்கைச் சுற்றிப் பென்சிலால் தானே ஒரு கணக்குப் போட்டிருந்தார். அணியின் 266-ல் 175 போனால் மற்ற எல்லோரும் உதிரிகளும் சேர்ந்து 91. அந்த 91-க்குக் கீழே இரண்டு கோடு. செய்தித்தாளைவிட அந்தக் கோடுதான் எனக்கு முக்கியம். செய்தித்தாள் மரக்கூழிலிருந்து வருவது. அதில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுத்துப்போகும், அமிலம் தாளை நொறுங்கவைக்கும். இதை முழுதாக நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். வெயில் படாமல், அமிலமில்லாத தாள் உறைகளில் தட்டையாக வையுங்கள். ஒட்டிய நறுக்கைப் பிய்க்காதீர்கள், நோட்டின் பக்கத்தோடு சேர்த்து அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளையில் செய்தால் பென்சில் குறிப்பு காணாமல் போகும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். கையெழுத்துள்ள படத்தைச் சட்டம் போட்டு மாட்ட ஆசை இருந்தால் அதன் நகலை மாட்டுங்கள். அசலை வெயில் தின்றுவிடும்.

ஸ்கோர் நோட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அண்ணன்மார் தெருவில் ஆடப் போகும்போது என்னைச் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். "நீ இங்கே வா, ஆட்டத்தையே உன் கையில் தருகிறேன்" என்று பெரியப்பா எனக்கு ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுத்தார். ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி, ரன்னே போகாத மெய்டன் ஓவரின் ஆறு புள்ளிகளையும் இணைத்தால் எம், அதில் விக்கெட் விழுந்திருந்தால் டபிள்யூ. அவர் போன பிறகு எனக்கு அழுகை வந்த இடங்கள் நான் எதிர்பார்த்தவை அல்ல. மருத்துவமனையில் அழவில்லை. ஒரு நோட்டைத் திறந்தபோது அவருடைய சாய்ந்த எழுத்துக்கு நடுவே ஒரு ஓவர் மட்டும் என் குழந்தைக் கையெழுத்தில் இருந்தது. பெரியப்பா அதற்குப் பக்கத்தில் "உதவி ஸ்கோரர்" என்று எழுதி என் பெயரையும் போட்டிருந்தார். அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. பொருட்களைப் பிரிக்கும் வேலையை ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். நடுவில் இப்படி ஏதாவது அகப்படும், அத்தோடு அன்றைய வேலை முடிந்தது. அலுவலகத்தில் விடுப்பு போட்டுச் செய்யும் வேலை அல்ல இது. விடுப்பு தீர்ந்துவிடும், பெட்டி தீராது.

1999 சென்னை டெஸ்டின் பக்கமும் அப்படித்தான். பாகிஸ்தான் வைத்த இலக்கு 271. முதுகு வலியோடு டெண்டுல்கர் 136 எடுத்து ஆட்டமிழந்தபோது தேவை 17 ரன், கையில் 3 விக்கெட். 258-ல் எல்லாம் முடிந்தது, 12 ரன்னில் தோல்வி. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது சேப்பாக்கம் கூட்டம் எழுந்து கைதட்டியது எல்லோரும் அறிந்த செய்தி. அந்தக் கூட்டத்தில் பெரியப்பாவும் இருந்தார். கடைசி விக்கெட்டுக்குக் கீழே "எழுந்தேன். உட்கார மனம் வரவில்லை" என்று எழுதியிருக்கிறார். அவரிடம் இதைப் பற்றி நான் கேட்டதே இல்லை, அவரும் சொன்னதில்லை.

கைப்பேசிதான் நேரத்தோடு போட்டி போட வேண்டிய பொருள். அதில் அவர் நண்பர்களுக்கு அனுப்பிய குரல் பதிவுகள் நிறைய இருந்தன, ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஒரு விமர்சனம். வீட்டில் செலவைக் குறைக்கிறோம் என்று முதல் வேலையாக அவர் எண்ணை ரத்து செய்யப் பார்த்தார்கள். எண் போய்விட்டால் எந்தக் கணக்கைத் திறக்கவும் தேவையான ஒருமுறைக் கடவு எண் (ஓடிபி) வராது. பிறகு அந்த எண் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். எல்லாவற்றையும் எடுத்து முடிக்கும்வரை எண்ணை உயிரோடு வைத்திருங்கள். பூட்டைத் திறக்கக் குத்துமதிப்பாக எண்களைப் போட்டுப் பார்க்காதீர்கள். சில கைப்பேசிகளில் பத்து முறை தவறினால் எல்லாத் தகவலும் அழியும்படி வைத்திருப்பார்கள். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்பாடில்லாமல் இருந்தால் பொதுவாக நீக்கப்படும். கூகுள் கணக்குக்கு அந்த அவகாசம் இரண்டு ஆண்டு. திறக்கவே முடியாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. அவர் அனுப்பிய பதிவுகள் பெற்றவர்களின் கைப்பேசியில் இருக்கும். நான் அவருடைய நண்பர்களிடம் கேட்டுத்தான் பெரும்பகுதியைச் சேர்த்தேன். ஃபார்வர்ட் செய்யாமல், கோப்பாகவே சேமித்துத் தேதியோடு அனுப்பச் சொல்லுங்கள். உயிரோடு இருப்பவர்கள் செய்துவைக்கக்கூடியதும் ஒன்று உண்டு. கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்ற அமைப்பில் நம் தகவல்களைப் பிறகு பெற்றுக்கொள்ள நம்பிக்கைக்குரிய பத்துப் பேர் வரை குறிப்பிட்டுவைக்கலாம். ஆப்பிளிலும் இதுபோல மரபுத் தொடர்பாளரைச் சேர்க்கலாம். நான் என் அப்பாவை உட்காரவைத்து இதைச் செய்யச் சொன்னபோது, "என்னை அனுப்ப அவசரமா?" என்று முறைத்தார். பிறகு செய்தார்.

இறந்தவர் பெயரில் நினைவுக் கோப்பைப் போட்டி நடத்தலாம் என்ற யோசனை எல்லாக் குடும்பத்திலும் வரும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. முதல் ஆண்டு கூட்டம் வரும், அடுத்த ஆண்டு கோப்பை வாங்க ஆள் தேட வேண்டியிருக்கும். அந்தப் பணத்தில் பக்கத்துப் பள்ளி அணிக்கு நல்ல ஸ்கோர் புத்தகங்களும், இரண்டு மாணவர்களுக்கு ஸ்கோர் எழுதும் பயிற்சியும் கொடுக்கலாம் என்று சொன்னேன். விளம்பரம் இல்லாத காரியம் என்பதால் யாரும் மறுக்கவில்லை, யாரும் பணமும் தரவில்லை. நான் செய்தேன்.

கடைசியாக அவருடைய நண்பர்கள். பொருட்களைவிட அவசரம் அவர்கள்தான், எல்லோருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. "பெரியப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டால் "நல்ல மனுஷன்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். "அந்த ஆட்டத்தை எங்கே உட்கார்ந்து கேட்டீர்கள், ரேடியோ யாருடையது, தோற்றதும் யார் என்ன சொன்னார்கள்" என்று கேட்டுப் பாருங்கள், நிறுத்தமாட்டார்கள். ஸ்கோர் நோட்டின் நகலை முன்னால் விரித்துவைத்தால் இன்னும் நல்லது. இருவரை ஒன்றாக உட்காரவைத்தால் ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுப்பார். புகைப்படங்களில் இருப்பவர்கள் யார் என்று அப்போதே கேட்டு, படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா மை காலப்போக்கில் முன்பக்கம் கசியும்.

நான் இரண்டு நண்பர்களை அழைத்து 1986 சென்னை டெஸ்டின் பக்கத்தை விரித்துவைத்தேன். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 348 இலக்கு, 347-ல் கடைசி விக்கெட், இரு அணியும் சமமாக முடித்த டை, டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது. மறுமுனையில் சாஸ்திரி 48 ரன்னோடு நிற்கிறார். மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ, அதாவது பந்து மட்டையில் படாமல் காலில் பட்டது என்ற தீர்ப்பு, பந்து வீசியவர் கிரெக் மேத்யூஸ். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் பெரியப்பா "மட்டையில் பட்டது" என்று எழுதி அழுத்தமாகக் கோடிட்டிருக்கிறார். ஒருவர் உடனே, "அப்போதே சொன்னேன், படவில்லை, இவன் கேட்கவே இல்லை" என்று ஆரம்பித்தார். மற்றவர் பெரியப்பாவின் பக்கம். குரல் ஏறியது, ஒருவர் எழுந்து நின்று மட்டை பிடித்துக் காட்டினார். நான் ரிக்கார்டரை அவர்கள் பக்கமாக நகர்த்திவைத்தேன். மூன்று பேருமே அன்று அந்தப் பந்தைப் பார்க்கவில்லை, வானொலியில் கேட்டவர்கள்தான்.